ஐயறிவுத் தவளையும் ஓரறிவு மண்ணுயிரும்

புளியந்தோப்பில் கோடை கழிந்து முதல் மழை பெய்யும் மாலையில் இரண்டு செய்திகள் நம் வீடுகளுக்குள் வருகின்றன. ஒன்று நாசி வழியே வரும் மண்வாசனை. மற்றொன்று செவி வழியே வரும் தவளைக் குரல். ஓட்டேரி நல்லா கால்வாயின் கரையிலிருந்தும், பழைய ஆலைச் சுவரோரம் தேங்கிய நீரிலிருந்தும் அது எழுகிறது. மண்வாசனை வெறும் மழைநீரால் உண்டாவதன்று. ஸ்ட்ரெப்டோமைசஸ் முதலிய மண் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் பொருளே அதற்கு முதன்மையான காரணம். ஆகவே அம்மாலையில் ஓரறிவுயிரும் ஐயறிவுயிரும் ஒருங்கே தம் இருப்பை நமக்கு அறிவிக்கின்றன.

இவ்விரண்டையும் ஒப்பிட்டு எழுத என்னைத் தூண்டியது ஒரு சிறுமியின் வினா. ஞாயிறு அறநெறி வகுப்பில் கொல்லாமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி எழுந்து, “டீச்சர், சோப்புப் போட்டுக் கை கழுவினால் கோடிக்கணக்கான பாக்டீரியா சாகிறது. ஒரு தவளையைக் கொன்றால் ஓர் உயிர்தான் போகிறது. அப்படியானால் எது பெரிய பாவம்?” என்று கேட்டாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை. “அடுத்த வாரம் விடை சொல்கிறேன்” என்றேன். அவ்விடையே விரிந்து இப்பாடமாயிற்று.

அறிவின் படிகள்

உயிர்களை அவற்றின் அறிவு கொண்டு வகுப்பது தமிழில் மிகப் பழைய வழக்கு. தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவிலும் மக்களை ஆறறிவிலும் வைக்கிறது. நம் மரபில் உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் இதனை விளக்குகிறார். மண், நீர், தீ, காற்று, தாவரம் ஆகியவற்றை உடலாகக் கொண்ட உயிர்களுக்குத் தொடுபுலன் ஒன்றே உண்டு. அவை நிலையுயிர்கள் (ஸ்தாவர ஜீவன்கள்). புழு, எறும்பு, வண்டு என ஏறுந்தோறும் ஒவ்வொரு புலன் கூடுகிறது. இரண்டு முதல் ஐந்து புலன் வரை உடையன இயங்குயிர்கள் (திரச ஜீவன்கள்). ஐம்புலன் உடையவற்றுள்ளும் மனம் உள்ளவை, மனம் இல்லாதவை என்ற பகுப்பு உண்டு.

இப்படிகளை மேலும் தெளிவாக்குவது பிராணன்களின் கணக்கு. ஐம்புலன்கள் ஐந்து, மன வலிமை, சொல் வலிமை, உடல் வலிமை மூன்று, உயிர்ப்பு ஒன்று, ஆயுள் ஒன்று, ஆகப் பிராணன்கள் பத்து. ஓரறிவுயிருக்குத் தொடுபுலன், உடல் வலிமை, உயிர்ப்பு, ஆயுள் என நான்கே உள்ளன. ஈரறிவுயிருக்குச் சுவையும் சொல் வலிமையும் சேர்ந்து ஆறு. மூவறிவுக்கு ஏழு, நாலறிவுக்கு எட்டு, மனமில்லா ஐயறிவுக்கு ஒன்பது, மனமுள்ள ஐயறிவுக்குப் பத்து.

இக்கணக்கின்படி மண்ணுயிர் நான்கு பிராணன் உடையது. தவளை பத்து உடையது. இனி இரண்டையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

பனாமாவின் பொன் தவளை

மத்திய அமெரிக்காவிலுள்ள பனாமா நாட்டின் மலைக்காடுகளில் பொன்னிறத் தவளை ஒன்று வாழ்ந்துவந்தது. அதன் அறிவியற் பெயர் அட்டெலோப்பஸ் ஸெட்டெக்கி. நான்கிலிருந்து ஆறு சென்டிமீட்டர் நீளமே உடையது. தவளை என்று அழைக்கப்பட்டாலும் அது தேரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் வீட்டு அம்மிக்கல்லின் கீழும் தொட்டிச் செடியின் மறைவிலும் ஒடுங்கியிருக்கும் தேரைக்கு அது உறவு என்றே சொல்லலாம்.

அது அருவிகளின் இரைச்சலுக்கு நடுவே வாழ்வது. குரல் எழுப்பினும் எளிதில் கேளாது. ஆதலின் முன்காலைத் தூக்கி அசைத்துத் தன் இனத்தோடு பேசுகிறது. அதற்குச் செவிப்பறை இல்லை. ஆயினும் ஓசையை உணர்கிறது. புறத்தே ஓர் உறுப்புத் தோன்றவில்லை என்பதனால் அவ்வுறுப்பிற்குரிய அறிவும் இல்லை என்று நாம் முடிவு செய்துவிடலாகாது என்பதற்கு இது நல்ல சான்று.

அதன் தோலில் கொடிய நஞ்சு உண்டு. ஸெட்டெக்கிடாக்சின் என்னும் அந்நஞ்சு நரம்பின் செயலைத் தடுக்கவல்லது. ஆனால் அத்தவளை எவரையும் கடிப்பதில்லை, கொட்டுவதில்லை, துரத்துவதும் இல்லை. தன்னைப் பற்றி விழுங்க வருவோர்க்கு மட்டுமே அந்நஞ்சு கேடு செய்கிறது. பளிச்சிடும் பொன்னிறமே “தொடாதே” என்னும் எச்சரிக்கை. நம்மூர்த் தேரையும் அவ்வாறே. அதன் கண்ணுக்குப் பின்னுள்ள புடைப்புகளிலிருந்து பால் போன்ற நஞ்சு கசியும். நாய் கவ்வினால் வாயில் நுரை தள்ளும். தேரை தானாகச் சென்று யாரையும் தீண்டுவதில்லை.

பனாமா மக்கள் இத்தவளையை நற்பேற்றின் அடையாளமாகக் கருதுவர். இறந்தால் அது பொன்னாகும் என்பது அங்குள்ள பழங்கதை. ஆகஸ்ட் 14ஆம் நாள் அந்நாட்டில் பொன் தவளை நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆயினும் காட்டில் இயல்பாக வாழ்ந்த பொன் தவளைகள் 2009க்குப் பின் கண்ணில் படவில்லை எனப் பதிவாகியுள்ளது. அழியும் விளிம்பிலுள்ள இனமாக அது பட்டியலிடப்பட்டுள்ளது. இன்று அவ்வினம் தொடர்வது பெரும்பாலும் பனாமாவிலும் அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் உள்ள காப்பகங்களில்தான்.

மண்ணுயிர்

வளமான மண்ணில் ஒரு கிராம் எடுத்தால் அதில் நூறு கோடி அளவுக்குப் பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும். கண்ணுக்குப் புலனாகாத இவ்வுயிர்களை உருப்பெருக்கி கொண்டு முதலில் கண்டவர் ஹாலந்து நாட்டு லீவன்ஹூக். காலம் 1670களின் நடுப்பகுதி. கண்ணுக்குத் தோன்றா உயிர்கள் மண்ணிலும் நீரிலும் நிறைந்துள்ளன என்பதை நம் அறவோர் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே உரைத்தனர். ஓருடலில் அளவிறந்த உயிர்கள் ஒன்றாக வாழ்ந்து, ஒருமுறை மூச்சு விடும் நேரத்தில் பதினெட்டு முறை பிறந்து இறக்கும் நிகோத ஜீவன்களைப் பற்றி நம் நூல்கள் பேசுகின்றன.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. பாக்டீரியாவே நிகோதம் என்று மேடைகளில் சொல்லக் கேட்கிறோம். அவ்வளவு விரைந்து சமன் செய்வது சரியன்று. நூல் கூறும் நிகோதம் ஓருடலில் பல உயிர். அறிவியல் கூறும் பாக்டீரியா தனித்தனி உடல். மேலும் சில பாக்டீரியாக்கள் நீந்திச் செல்கின்றன. ஆதலின் அவற்றை எப்படியில் வைப்பது என்று அறிஞர் ஆராய்வது பொருத்தமே. இப்பாடத்திற்கு அவற்றை நிலையுயிரின் படியில், மிகக் குறைந்த பிராணன் உடையனவாகக் கொள்வோம். ஆகமத்தின் பெருமைக்கு உருப்பெருக்கியின் சான்று தேவையில்லை. உருப்பெருக்கியின் கண்டுபிடிப்பை ஆகமத்திற்குள் வலிந்து புகுத்தவும் வேண்டுவதில்லை.

மண்ணுயிருக்கும் நஞ்சு உண்டு. மண்வாசனை தரும் ஸ்ட்ரெப்டோமைசஸ் இனத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியா உண்டாக்கிய நஞ்சே ஸ்ட்ரெப்டோமைசின். அமெரிக்காவின் ரட்கர்ஸில் வாக்ஸ்மன் என்னும் அறிஞரின் ஆய்வகத்தில் 1943இல் அது பிரித்தெடுக்கப்பட்டது. காசநோய்க் கிருமியை வென்ற முதல் மருந்து அதுவே. ஓட்டேரி காசநோய் மருத்துவமனைக்கு அண்மையில் வாழும் நமக்கு அதன் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மற்றொரு மண்ணுயிர் நம் பாடத்திற்கு இன்னும் நெருங்கியது. அதன் பெயர் ஜாந்தினோபாக்டீரியம் லிவிடம். மண்ணிலும் நீரிலும் வாழ்வது, கத்தரிப்பூ நிறமுடையது. அந்நிறத்தைத் தரும் வயலசின் என்னும் பொருள் பூஞ்சைகளுக்கு நஞ்சாகும். இதே பாக்டீரியா சில தவளைகளின் தோலிலும், சலமாண்டர் என்னும் வாலுடைய நீர்நில வாழுயிரின் தோலிலும் குடியிருக்கிறது. பொன் தவளையின் கதையில் இம்மண்ணுயிர் நுழைந்த விதத்தை இனிக் காண்போம்.

பூஞ்சையும் காப்பும்

தவளைக்குத் தோல் என்பது வெறும் போர்வையன்று. அது நீரைப் பருகுவதும் தோலாலே. மூச்சின் ஒரு பகுதியும் தோல் வழியே. உடலின் உப்புகளைச் சமனாக வைத்திருப்பதும் தோலே. கைட்ரிட் என்னும் பூஞ்சை அத்தோலைத் தாக்குகிறது. உப்புச் சமநிலை குலைந்து, இறுதியில் இதயம் நின்றுவிடுகிறது. பொன் தவளை வாழ்ந்த எல் வாயே பகுதிக்கு இந்நோய் 2006இல் வந்தடைந்தது. உலகெங்கும் குறைந்தது 501 நீர்நில வாழுயிர் இனங்கள் இந்நோயால் குன்றின என்றும், அவற்றுள் 90 இனங்கள் அற்றுப்போயின எனக் கருதலாம் என்றும் 2019இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. இப்பூஞ்சையின் பிறப்பிடம் கிழக்காசியா என்பது 2018இல் வெளியான மரபணு ஆய்வின் முடிவு. அது கண்டம் விட்டுக் கண்டம் சென்றதற்கு மனிதர் நடத்திய உயிர் வாணிகமே பெருங்காரணம். மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் அது கண்டறியப்பட்டுள்ளது. ஆனால் அமெரிக்கக் கண்டங்களில் நேர்ந்தது போன்ற கூட்டச் சாவு இங்கு பதிவாகவில்லை.

இந்நிலையில் ஆய்வாளர் சிலர், மண்ணுயிரைக் கொண்டு தவளையைக் காக்கலாகுமா என்று எண்ணினர். கலிபோர்னியா மலைகளில் வாழும் மஞ்சட்கால் தவளை என்னும் அருகிவரும் இனத்தின் தோலில் ஜாந்தினோபாக்டீரியத்தைச் சேர்த்தனர். 2009இல் வெளியான அவ்வாய்வின்படி, பாக்டீரியா சேர்க்கப்பட்ட தவளைகள் பூஞ்சையிலிருந்து பிழைத்தன. நான்கு பிராணன் உடைய உயிர் பத்துப் பிராணன் உடைய உயிரைக் காத்து நின்றது! உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுவதே அவற்றின் இயல்பு என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் கூறியதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

பின்னர் அதே முறையைப் பனாமாப் பொன் தவளைக்குச் செய்து பார்த்தனர். 2011இல் வெளியான அம்முடிவு ஏமாற்றமே தந்தது. வேற்றிடத்துச் சலமாண்டரின் தோலிலிருந்து வந்த பாக்டீரியா பொன் தவளையின் தோலில் நிலைக்கவில்லை, நாள் செல்லச் செல்லக் குறைந்தது, தவளைகள் மாண்டன. பனாமாவிலேயே எடுத்த பாக்டீரியாக்களைக் கொண்டு மீண்டும் முயன்றனர். 2015இல் வெளியான அவ்வாய்விலும் சேர்த்தவை நிலைக்கவில்லை. ஆயினும் சில தவளைகள் தாமாகவே பிழைத்தன. ஆராய்ந்தபோது, அவற்றின் தோலில் தொடக்கத்திலிருந்தே வாழ்ந்த பாக்டீரியாக் கூட்டம் மற்றவற்றினும் வேறுபட்டிருந்தது புலனாயிற்று. கொண்டுவந்து சேர்த்த துணை நிலைக்கவில்லை. உடன் வாழ்ந்த துணையே பிழைப்போடு தொடர்புடையதாய் இருந்தது.

இதனைப் படித்தபோது என் பாட்டியாரை நினைத்துக்கொண்டேன். வந்தவாசியை அடுத்த எங்கள் சிற்றூரில் அவர் நீரை இருமடித் துணியில் வடிகட்டுவார். வடிகட்டிய பின் துணியைத் திருப்பி, வடித்த நீரையே அதன்மேல் வார்த்து, துணியில் தங்கிய உயிர்களை ஒரு கலத்தில் சேர்ப்பார். பின் அக்கலத்தைக் கயிற்றில் கட்டி, நீர்மட்டம் வரை இறக்கி, மெல்லச் சாய்ப்பார். “கிணற்று உயிரைக் கிணற்றில் விடு, குளத்து உயிரைக் குளத்தில் விடு. மாற்றி விட்டால் அதுவும் கொலைதான்” என்பார். உயிரைக் காப்பது என்றால் அதன் இருப்பிடத்தோடு காப்பது என்பதை எழுத்தறியாத அவர் அறிந்திருந்தார்.

எண்ணிக்கைக் கணக்கு

இனி மாணவியின் வினாவுக்கு வருவோம். அமிர்தசந்திர ஆசாரியர் தம் புருஷார்த்த சித்யுபாயத்தில் இதே வினாவை எடுத்துக்கொள்கிறார். பல சிற்றுயிர்களைக் கொன்று உண்பதைவிடப் பேருயிர் ஒன்றைக் கொன்று உண்பது நல்லது என்று சொல்வார் அக்காலத்தும் இருந்தனர். அவ்வாதத்தை அவர் அடியோடு மறுக்கிறார். அது மட்டுமன்று, ஒன்றைக் கொல்வதால் பல உயிர் பிழைக்கும் என்று எண்ணிக் கொடிய விலங்கையும் கொல்லலாகாது என்கிறார். பிழைக்கும் உயிர்களின் தொகையைக் காட்டிக் கொலையை நியாயப்படுத்த அவர் இடம் தரவில்லை.

“தவளைக்குப் பத்து, மண்ணுயிருக்கு நான்கு என்றால், நான்கைக் கோடியால் பெருக்கிப் பார்க்கலாமே!” என்று பிள்ளைகள் கேட்பர். பிராணன்களின் கணக்கு பெருக்கல் வாய்பாட்டுக்கு உரியதன்று. ஓர் உயிர் எவ்வளவு விரிவாக உணர்கிறது, அதைத் துன்புறுத்த நம் நெஞ்சம் எவ்வளவு வன்மை கொள்ள வேண்டும் என்பதைக் காட்டும் அளவு அது. ஹிம்சையின் வேர், கவனமின்மையும் வேட்கையும் வெகுளியும் கூடிய நம் மனநிலையே. கை கழுவுபவர் மனத்தில் கொலை எண்ணம் இல்லை. நோய் தவிர்க்கும் கடமை உண்டு. தவளையைக் கல்லால் அடிப்பவனோ அது துள்ளுவதைக் காண்கிறான், அஞ்சுவதைக் காண்கிறான், கண்டும் அடிக்கிறான். ஆதலின் தவளையைக் கொல்வதே பெரிய பாவம்.

அவ்வாறாயின் மண்ணுயிரை எப்படியும் அழிக்கலாமா? கூடாது என்பதே அதே நூலின் விடை. இல்லறத்தார் தம் தேவைக்காகச் சில ஓரறிவுயிர்களை அழிக்க நேரும்; ஆனால் தேவைக்கு அப்பாற்பட்ட நிலையுயிர்க் கொலையிலிருந்து அவர்கள் விலக வேண்டும் என்கிறார் அமிர்தசந்திரர். எந்த உயிரை முதலில் காப்பது என்பதையே படிநிலை சொல்கிறது. எந்த உயிரையும் அலட்சியம் செய்யலாம் என்று அது சொல்லவில்லை.

ராஜகிருகத்துத் தவளையும் என் தவளைகளும்

தவளைக்கு மனம் உண்டா என்று ஐயுறுவோர் ராஜகிருகத்துத் தவளையின் கதையை நினைவுகூர்க. சமந்தபத்திர ஆசாரியர் ரத்னகரண்ட சிராவகாசாரத்தில் அருகன் பூசையின் பெருமைக்குச் சான்றாக ஒரு தவளையையே காட்டுகிறார். நாகதத்தன் என்னும் வணிகன் வஞ்ச மனத்தால் தன் வீட்டு வாவியிலேயே தவளையாய்ப் பிறந்தான். பகவான் மகாவீரர் விபுலமலைக்கு எழுந்தருளிய செய்தி ஊரெங்கும் முழங்கியது. தவளையும் ஒரு தாமரை இதழை வாயில் கவ்விக்கொண்டு வழிபடப் புறப்பட்டது. வழியில் சிரேணிக மன்னனின் யானைக்காலில் மிதிபட்டு மாண்டது. ஆயினும் பக்தியால் தேவனாகப் பிறந்து, முடியில் தவளைச் சின்னத்தோடு சமவசரணத்தை அடைந்தது. இக்கதையை நம் வீட்டுப் பிள்ளைகள் அனைவரும் அறிவர்.

அறிந்தும் நான் செய்த ஒன்றை இங்குச் சொல்லியாக வேண்டும். ஆசிரியப் பயிற்சிக்கு முன் புகுமுக வகுப்பில் விலங்கியல் பயின்றேன். அக்காலத்தில் தவளையைக் குளோரோபாம் கொண்டு மயக்கி, மெழுகுத் தட்டில் குண்டூசிகளால் பொருத்தி, வயிற்றைக் கீறிப் பார்ப்பது கட்டாயப் பாடம். திறந்த மார்பில் இதயம் துடித்துக்கொண்டிருக்கும். அவ்வாண்டில் என் கையால் மாண்டவை ஏழு. அன்றாடம் வீடு திரும்பி, துணியில் வடிகட்டிய நீரையே பருகினேன், இருட்டுமுன் உண்டேன். கண்ணுக்குத் தெரியாத உயிருக்காக நீரை வடித்த நான், கண்ணெதிரே துடித்த உயிரைக் கீறினேன். இரண்டும் ஒரே நாளில் நிகழ்ந்தன என்பது பல்லாண்டுகள் எனக்கு உறைக்கவில்லை. மதிப்பெண்ணுக்காகச் செய்தேன் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை. ஆண்டுதோறும் தசலட்சண நாள்களில் அவ்வேழு உயிர்களிடமும் மன்னிப்பு வேண்டுகிறேன்.

காலம் மாறியுள்ளது என்பதில் மகிழ்ச்சி. தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா 1987இல் நிறுத்தியது. கல்லூரிகளில் விலங்குகளை அறுத்துப் பயிலும் முறையைக் கைவிடுமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் அறிவித்தது. ஆனால் மேலே கண்ட பொன் தவளை ஆய்வுகளிலும் காப்பகத்தில் பிறந்த தவளைகளுக்கு வேண்டுமென்றே நோய் ஊட்டப்பட்டது என்பதை மறைக்கலாகாது. இனத்தைக் காக்கும் நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் மாண்ட ஒவ்வொரு தவளைக்கும் பத்துப் பிராணன். அறிவியல் தரும் பயனை நன்றியோடு ஏற்போம்; அதன் விலையையும் மறவாதிருப்போம்.

நாம் செய்யத்தக்கன

ஹிம்சையை நம் பெரியோர் நான்காகப் பிரித்தனர். கொல்லும் எண்ணத்தோடு செய்வது சங்கல்ப ஹிம்சை. சமைத்தல், துப்புரவு செய்தல் போன்ற வீட்டு வேலைகளில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. தொழிலில் நேர்வது உத்யோக ஹிம்சை. தற்காப்பில் நேர்வது விரோத ஹிம்சை. இல்லறத்தார் முதலாவதை முற்றிலும் விலக்கி, ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைக்கக் கடமைப்பட்டவர்கள். பயனின்றி மண்ணைத் தோண்டுவதும், நீரைச் சிதறுவதும், தீ மூட்டுவதும், செடியைக் கிள்ளுவதும் அனர்த்த தண்டம் என்று ரத்னகரண்டம் கூறுகிறது. அந்நூலை அடியொற்றித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பு நம் இல்லங்களில் இருக்கத்தக்கது.

ஆடுதொட்டிக்கு அண்மையில் வாழும் நமக்கு ஹிம்சை என்றதும் ஆடும் மாடுமே நினைவுக்கு வரும். மகாவீர ஜயந்தியன்று அது மூடப்படுவதைக் கண்டு நிறைவடைகிறோம். அந்நிறைவு வீட்டு வாசலிலும் தொடர வேண்டும்.

1. வீட்டுக்குள் வரும் தேரையின்மேல் உப்பைக் கொட்டுவதும் துடைப்பத்தால் அடிப்பதும் சங்கல்ப ஹிம்சை. ஒரு முறத்தில் மெல்ல ஏற்றி, அருகிலுள்ள செடி நிழலிலேயே விடுக. கையால் தொட நேர்ந்தால் கண்ணைத் தேய்க்காமல் கையைக் கழுவுக. அது பூச்சிகளை உண்டு வாழ்வது; நம்மை நாடி வந்ததன்று.

2. கொதிக்கும் கஞ்சியையும் நீரையும் ஆறவைத்தே வெளியில் ஊற்றுக. பினாயிலையும் பிளீச்சிங் பவுடரையும் கழிவறையோடு நிறுத்துக. வெறும் மண்ணில் தெளிக்க வேண்டா. முற்றம் முழுவதும் சிமெண்டு பூசும்போது ஒரு முழ அகலமேனும் மண்ணை விட்டுவைக்க. மழைநீர் இறங்கவும் மண்ணுயிர் வாழவும் அது உதவும்.

3. மருத்துவர் கட்டளையிட்ட நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தயங்காது, முழு நாளும் உண்க. அது கடமை. சாதாரண சளிக்குத் தாமே கடையில் வாங்கி உண்பது வேறு. சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. அம்மருந்து அதைத் தீண்டாது. உடலில் நமக்குத் துணைநிற்கும் பாக்டீரியாக்களே வீணாக மடியும். நோய்க்கிருமிகளும் மருந்துக்கு அடங்காதனவாய் மாறும். இது இக்காலத்து அனர்த்த தண்டம்.

4. ஜீவதயை கருதி மீனும் ஆமையும் விலைக்கு வாங்கி, கண்ட நீர்நிலையில் விடுவோர் நம்மிடையே உண்டு. நோக்கம் நல்லது. ஆனால் விட்ட உயிர் அங்கு வாழுமா, அதனோடு நோயும் சென்று அங்குள்ள உயிர்களை அழிக்குமா என்று எண்ணிச் செய்க. விற்பனைக்காகப் பிடிப்பதை நம் பணமே ஊக்குவிக்கும் என்பதையும் நினைவில் கொள்க.

5. துறைமுகத்தை ஒட்டி வாழ்வோர் அறியவேண்டியது ஒன்றுண்டு. நம் தேரையின் இனம் மடகாஸ்கர் தீவின் தோமசினா துறைமுகப் பகுதியில் குடியேறிவிட்டது 2014இல் தெரியவந்தது. தென்கிழக்காசியாவிலிருந்து கப்பற் சரக்கோடு அது சென்றதாகக் கருதப்படுகிறது. அதன் நஞ்சுக்குப் பழகாத அத்தீவின் பாம்புகளுக்கும் பிற உயிர்களுக்கும் அது ஆபத்தாயிற்று. குற்றம் தேரையுடையதன்று, பார்க்காமல் பெட்டியை மூடியவருடையது. சரக்கேற்றும் தொழிலில் உள்ள நம்மவர் பெட்டகத்தை மூடுமுன் ஒருமுறை பார்ப்பாராயின், உத்யோக ஹிம்சையில் ஒரு பகுதி குறையும்.

அம்மாணவிக்கு அடுத்த ஞாயிறு நான் கூறிய விடை இதுதான்: “தவளையைக் கொல்வதே பெரிய பாவம், அம்மா. அதற்காக மண்ணுயிரை மறந்துவிடாதே. சில தவளைகள் நோயிலிருந்து பிழைத்ததே அவற்றின் தோலில் வாழ்ந்த சிற்றுயிர்களின் துணையால்தான்.” அவள் சற்று எண்ணிப் பார்த்து, “அப்படியானால் கை கழுவலாமா, டீச்சர்?” என்றாள். “கழுவு. குழாயை மட்டும் திறந்து விட்டுவிடாதே” என்றேன். நீரும் உயிர் அல்லவா!

குடும்பத்தோடு கலந்துரையாட

1. தவளையின் பத்துப் பிராணன்களையும் மண்ணுயிரின் நான்கு பிராணன்களையும் வரிசைப்படுத்திக் கூறுக.

2. தவளையின் நஞ்சும் மண்ணுயிரின் நஞ்சும் எவ்வகையில் ஒத்தன? மனிதன் செய்யும் ஆயுதத்தினின்று அவை எவ்வகையில் வேறுபட்டன?

3. “பலரைக் காக்க ஒன்றைக் கொல்லலாம்” என்னும் வாதத்தை அமிர்தசந்திர ஆசாரியர் ஏன் ஏற்கவில்லை?

4. வடிகட்டிய உயிர்களை எடுத்த நீர்நிலையிலேயே விடும் வழக்கத்திற்கும் பொன் தவளை ஆய்வின் தோல்விக்கும் உள்ள ஒற்றுமை யாது?

5. இவ்வாரம் உங்கள் வீட்டில் தேவையின்றி நிகழ்ந்த ஹிம்சை ஒன்றைக் கண்டறிந்து, அதனைத் தவிர்க்கும் வழியை அனைவரும் கூடி முடிவு செய்க.

ஓரறிவு முதல் ஐயறிவு வரை, அறிந்தும் அறியாமலும் நம்மால் வருந்திய உயிர்கள் அனைத்தும் நம்மைப் பொறுத்தருள்க. அறம் வளர்க!